ஓச்சிய சிறுகோல்: குழந்தைகளைத் திருத்துதல் குறித்த தமிழ் நோக்கின் மாற்றங்கள்

1. முன்னுரை

குழந்தைகளை அடித்துத் திருத்தலாமா என்ற வினா எழும்போதெல்லாம் இருவகை விடைகள் கூறப்படுகின்றன. 'நம் முன்னோர் அடித்துத்தான் வளர்த்தனர். அதனால்தான் அக்காலத்தில் ஒழுக்கம் நிலைத்தது' என்பது ஒன்று. 'அக்காலத்தவர் குழந்தையின் மனத்தை அறியாதவர்கள். குழந்தையை மதிக்க நாம் இப்போதுதான் கற்றுக்கொண்டோம்' என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று மாறானவையாகத் தோன்றினும் இவ்விரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. பழமை என்றால் பிரம்பு, புதுமை என்றால் பிரம்பின்மை என்று இரு சாராரும் கொள்கின்றனர். முதற் சாரார் அதனைப் போற்றுகின்றனர். அடுத்தவர் அதனைப் பழிக்கின்றனர்.

இக்கருத்துக்குத் தமிழ் இலக்கியம் இடந்தருகிறதா என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். சங்கப் பாடல்கள் இரண்டு, திருக்குறள், நாலடியார், நன்னூல், பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை, பேச்சுவழக்குப் பழமொழிகள், 20ஆம் நூற்றாண்டுப் புனைகதைகள் மூன்று ஆகியன இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பிற்கால நீதிநூல்களும் சதகங்களும் ஆய்வெல்லையில் சேர்க்கப்படவில்லை.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஒரு செயல் இலக்கியத்தில் இடம்பெறாமை, அது வாழ்விலும் இல்லை என்பதற்குச் சான்றாகாது. பழந்தமிழர் வீடுகளில் குழந்தைகள் அடிபடவே இல்லை என்று கூற நம்மிடம் ஆதாரம் ஏதுமில்லை. எனினும் ஒரு சமூகம் எதனை நெறி என எழுதி வைத்தது, எதனை எழுதாது விட்டது என்பதை இலக்கியத்தின்வழி அறியலாம். நம் வினாவும் அந்த எல்லைக்கு உட்பட்டதே.

2. பால் கிண்ணமும் சிறுகோலும்

குழந்தையின் எதிரே ஒருவர் கோலை ஓங்கும் காட்சி சங்க இலக்கியத்தில் இரண்டு பாடல்களில் வருகிறது. ஒன்று அகம், மற்றொன்று புறம்.

நற்றிணை 110ஆம் பாடல் போதனார் பாடியது. செல்வர் வீட்டுச் சிறுமிக்குத் தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி நிற்கிறாள் செவிலி. மற்றொரு கையில் மென்மையான நுனியையுடைய சிறுகோல். உண்ணுமாறு கூறிக் கோலை ஓங்குகிறாள். சிறுமியோ காற்சிலம்பு ஒலிக்கப் பந்தருக்கு ஓடிவிடுகிறாள். நரைத்த கூந்தலையுடைய செவிலியர் பின்தொடர இயலாமல் ஓய்கின்றனர். இன்று அவள் மணமாகிக் கணவன் வீட்டில் இருக்கிறாள். அக்குடி வறுமையுற்றபோதும் தந்தை வீட்டு வளமான சோற்றை அவள் நினைப்பதில்லை. ஒருபொழுது உண்டு ஒருபொழுது விடுத்து வாழ்கிறாள்.

புறநானூறு 310ஆம் பாடல் பொன்முடியார் பாடியது. பாலை ஊட்டியும் உண்ணாத சிறுவன், தாய் ஓச்சிய சிறுகோலுக்கு அஞ்சி வருந்தியவன். அவனே இன்று களிறுகளைக் கொன்றும் அமையாது, தன் புண்ணில் அம்பு தைத்திருப்பதையும் உணரவில்லை என்று கூறிக் கேடயத்தின்மீது கிடக்கிறான்.

இவ்விரு காட்சிகளின் ஒற்றுமை கருதத்தக்கது. இரண்டிலும் கோல் சிறுகோல். இரண்டிலும் அது ஓங்கப்படுகிறது. குழந்தையின்மேல் விழுந்ததாகப் பாடல் கூறவில்லை. இரண்டிலும் அது கல்விக்கோ கீழ்ப்படிதலுக்கோ பயன்படவில்லை. குழந்தையின் வயிறு நிறைவதற்காகவே எடுக்கப்படுகிறது. புறநானூற்றுப் பாடல் ஒருபடி மேலே செல்கிறது. கோலை ஓச்சியபோது தாய்க்குச் சினம் இல்லை என்பதைப் புலவர் 'செறாஅது' என்ற ஒரு சொல்லால் குறிக்கிறார். அவ்வொரு சொல் இல்லையெனினும் பாடலின் போக்குக் கெடாது. எனினும் தாயின் கையில் கோலைக் கொடுத்த புலவர் அவளிடமிருந்து சினத்தை விலக்கிவிடுகிறார்.

நற்றிணைப் பாடலின் இறுதிப்பகுதி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. விளையாட்டுப் பருவம் மாறாத இச்சிறுமகள் அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே உணர்ந்தாள் என்று தாயுள்ளம் வியக்கிறது. கோலுக்கு அடங்காமல் ஓடியவள்தான் பின்னாளில் வறுமையிலும் நெறி பிறழாது வாழ்கிறாள். கோல் அதனைக் கற்பிக்கவில்லை என்பது பாடலின் அமைப்பிலேயே தெளிவு. வேறெது கற்பித்தது என்பதற்குப் புலவர் விடை கூறவில்லை. ஒழுக்கம் எவ்வாறு உண்டாகிறது என்ற வினாவை வளர்த்தவரின் வாயிலாகவே எழுப்பி, அதனை வினாவாகவே நிறுத்துகிறார். பின்வந்த காலங்கள் இவ்வினாவுக்கு அளித்த விடைகளின் வரலாறாகவே இப்பொருளைக் காணலாம்.

3. அறநூல்களும் இலக்கணமும்

திருக்குறளில் தண்டித்தல் பற்றிய சொற்கள் எங்கு வருகின்றன என்று பார்ப்பது பயன்தரும். 'ஒறுத்தல்' கொடியோரை ஒறுக்கும் வேந்தனைக் குறித்தும், பொறையுடைமையில் பிறர் செய்த தீங்கைக் குறித்தும் வருகிறது. 'ஓச்சுதல்' என்ற வினை வெருவந்த செய்யாமை அதிகாரத்தில் அரசனுக்கு உரியதாகிறது. ஓங்கும்போது கடுமை தோன்றவும் எறியும்போது மென்மை அமையவும் வேண்டும் என்று 562ஆம் குறள் அரசனுக்கு அறிவுறுத்துகிறது. சங்கத் தாய் சிறுகோலை ஓச்சிய அதே வினையே இங்குச் செங்கோலின் இலக்கணமாகிறது. நாட்டை ஆள்பவனும் அஞ்சத்தக்கவனாகத் தோன்ற வேண்டுமேயன்றி வருத்துபவனாக இருத்தல் கூடாது என்பது வள்ளுவர் கருத்து.

இனி மக்கட்பேறு அதிகாரத்தை நோக்கின், அதன் பத்துக் குறள்களிலும் கோலும் இல்லை, ஒறுத்தலும் இல்லை. குழந்தையின் கை கூழை அளாவுவதும், அதன் உடல் பெற்றோர்மேல் படுவதும், அதன் மழலையும் அங்கே இன்பங்களாக எண்ணப்படுகின்றன. தந்தையின் கடமை மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வது என்று வகுக்கப்படுகிறது. அதற்கு எவ்வழி என்பது கூறப்படவில்லை.

நாலடியாரின் அறிவின்மை அதிகாரத்தில் ஒரு வெண்பா, கற்க மறுத்த மகனைப் பற்றியது. தந்தை அவனைக் 'கழறுகிறான்'. அதாவது இடித்துக் கூறுகிறான். மகன் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் பலர் முன்னிலையில் எழுத்தோலை ஒன்றை அவனிடம் நீட்டும்போது, படிக்க இயலாத அவன் சினந்து கோலைக் கையில் எடுக்கிறான். இங்கும் கோல் வருகிறது. ஆனால் அது தந்தையின் கையில் இல்லை. கல்லாத மகனின் கையில் இருக்கிறது. கற்றவரின் கருவி சொல், கல்லாதவரின் கருவி கோல் என்ற பாகுபாட்டை இவ்வெண்பா உணர்த்துகிறது எனலாம்.

பவணந்தி முனிவரின் நன்னூல் ஆசிரியர், மாணாக்கர் இலக்கணங்களைப் பொதுப்பாயிரத்தில் விரித்துரைக்கிறது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியன உவமைகள். ஆசிரியருக்கும் ஒரு கோல் உண்டு. ஆனால் அது நடுநிலை பிறழாத துலாக்கோல். மாணாக்கரும் அன்னம், பசு, மண், கிளி எனத் தொடங்கி அவரவர் கொள்ளும் திறத்திற்கேற்ப வகைப்படுத்தப்படுகின்றனர். கடைநிலை மாணாக்கர் யாவர் என்றும், யாருக்குக் கற்பித்தல் கூடாது என்றும் நன்னூல் கூறுகிறது. ஆனால் அவர்களை அடித்துக் கற்பிக்குமாறு கூறவில்லை. கொள்ளும் திறம் இல்லாதவனை விலக்குவது அந்நெறி. இதனை முழுவதும் கருணை என்று கொள்ள வேண்டுவதில்லை. எல்லாருக்கும் கல்வி என்ற கடமை அக்காலத்து ஆசிரியருக்கு இல்லை. ஆகவே விலக்குதல் அவருக்கு எளிதாயிற்று. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே பிற்காலப் பள்ளியை மதிப்பிட வேண்டும்.

4. பிள்ளைத்தமிழில் தண்டம்

குழந்தைப் பருவத்தையே பாடுபொருளாகக் கொண்ட சிற்றிலக்கியம் பிள்ளைத்தமிழ். குழந்தை செய்யும் குறும்புக்கு அங்கே இடமுண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில் சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிறுவன் காலால் சிதைக்க வருகிறான். அதற்குச் சிறுமியரின் எதிர்வினை, சிதைக்காதே என்ற வேண்டுகோளே.

அம்புலிப் பருவத்தில் சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களையும் அமைத்துப் பாடுவது மரபு. குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை முதலில் இன்சொல்லால் அழைப்பர். கிடைக்கும் நன்மையைக் கூறுவர். உயர்வு தாழ்வு காட்டுவர். இறுதியில் வராவிடில் தண்டிப்பதாக அச்சுறுத்துவர். குழந்தையைச் சூழ்ந்து அமைந்த இவ்விலக்கியத்தில் தண்டம் என்ற உபாயம் குழந்தையை நோக்கிச் செல்லவில்லை. குழந்தையின் பொருட்டு நிலவை நோக்கிச் செல்கிறது. பாட்டுடைத் தலைவர் தெய்வமோ அரசரோ சான்றோரோ ஆதலின் இவ்வாறு அமைந்தது என்று கூறலாம். அது உண்மையே. எனினும் குழந்தையைப் போற்றுவதற்கு ஒரு தனி இலக்கிய வகையைக் கண்ட மொழியில், அடித்து வளர்ப்பதே மரபு என்று பொதுப்படக் கூறுதல் பொருந்துமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

5. அடி ஒரு கணக்கான வரலாறு

அடித்தல் ஒரு முறையாகத் தெளிவாகக் காட்சியளிப்பது பள்ளிக்கூடத்தில்தான். 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ உள்நாட்டுப் பள்ளிகள் பற்றிய கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். அதற்கு விடையாகப் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை, பின்னாளில் தரம்பால் 1983இல் வெளியிட்ட தொகுப்பால் பரவலாக அறியப்பட்டது. அம்மாவட்டத்தில் கன்னட, தெலுங்குப் பள்ளிகளே மிகுதி. காலையில் பள்ளிக்கு முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனுக்குச் சுழி. அவனுக்குப் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருபவர்க்கு ஒவ்வோர் அடி கூடும். சோம்பிய மாணவன் அடிபடுவதோடு, இரு கைகளும் கட்டப்பட்டுக் கூரையிலிருந்து தொங்கவிடப்படுவதும் உண்டு. இடைவிடாது மண்டியிட்டு எழவும் வேண்டும்.

தமிழகத் திண்ணைப் பள்ளிகளிலும் இவற்றுக்கு இணையான தண்டனைகள் இருந்தன. கூரையில் தொங்கவிடுதல் இங்குக் 'கோதண்டம்' எனப்பட்டது. 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையர், ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக எழுதிய 'என் சரித்திரம்' அக்காலக் கல்வி முறையை நேரிற் கண்டவரின் பதிவாக நமக்குக் கிடைத்துள்ளது. ஆசிரியர் ஒருவர், பல வயது மாணவர், அவர்களை மேற்பார்க்கச் சட்டாம்பிள்ளை, எண்சுவடியும் நீதிநூலும் பொருள் உணருமுன்னே மனப்பாடம் என்பது அப்பள்ளிகளின் பொது அமைப்பு.

இங்கு நிகழ்ந்த மாற்றம் யாது? சங்கப் பாடலில் கோல் ஒரு குழந்தைக்கு எதிரே, ஒரு கணத்தில், ஓங்கப்பட்டது. பள்ளியில் அது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக, நாள்தோறும், எண்ணிக்கையோடு விழுந்தது. பெல்லாரிப் பள்ளியில் ஐந்தாவதாக வந்தவன் பெற்ற மூன்று அடிகளுக்கும் ஆசிரியரின் சினத்துக்கும் தொடர்பில்லை. அது வருகைக் கணக்கு. இங்கும் 'செறாஅது' என்ற சொல்லைப் பொருத்தலாம். ஆனால் பொருள் முற்றிலும் வேறு. தாயிடம் சினமின்மை அன்பால் வந்தது. பள்ளியில் அது வழக்கத்தால் வந்தது.

இவ்வழக்கத்தை ஆங்கிலேயர் கொண்டுவந்தனர் என்று கூறுவதற்கில்லை. அவர்கள் வந்து கண்டதையே கேம்பெல் எழுதினார். கீழை நாட்டுக்கே உரிய கொடுமை என்று கூறவும் இயலாது. இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் பிரம்படி 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீக்கப்பட்டது. பலரை ஓரிடத்தில் அமர்த்தி ஒரே வகையாகக் கற்பிக்கும் அமைப்பு எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் பிரம்பும் இருந்தது என்பதே பொருத்தமான முடிவு.

6. பழமொழி தந்த நெறி

அடித்து வளர்த்தலைக் கொள்கையாகவே கூறுவன பேச்சுவழக்குப் பழமொழிகள். அடியாத மாடு படியாது; முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்; அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார் என்பன பலரும் அறிந்தவை. மரபை எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் கையாள்வன இவையே.

முதற் பழமொழியின் சொல்லமைப்பை உற்றுநோக்க வேண்டும். 'படிதல்' என்பது தணிதல், வசமாதல் என்னும் பொருளுடைய வினை. 'படித்தல்' என்பது கற்றல். எதிர்மறையில் இரண்டுமே 'படியாது' என்ற வடிவத்தைப் பெறக்கூடும். படியாதவன் என்று கல்லாதவனைக் கூறும் வழக்கு இன்றும் உள்ளது. மாட்டைப் பற்றிய பழமொழியில் பொருந்துவது முதற்பொருளே: அடிக்காவிடில் மாடு நுகத்துக்கு வசப்படாது. பள்ளிச் சூழலில் அதனைக் கேட்பவர் செவியில் இரண்டாம் பொருளும் சேர்ந்து ஒலிக்கிறது: அடிக்காவிடில் பிள்ளை படிக்காது. இவ்வாறு அடக்கத்தைப் பற்றிய ஒரு கூற்று கல்வியைப் பற்றிய கூற்றாக மாறிவிடுகிறது. அடங்குதலும் கற்றலும் ஒன்றே என்ற மயக்கத்திற்கு ஒலியொப்புமை துணைசெய்கிறது.

உவமைகளும் கவனிக்கத்தக்கவை. மாடு, முருங்கை இரண்டும் உடைமைகள். முருங்கையை ஒடிப்பது கிளைகள் மிகுதியாகத் தழைத்து உடையவனுக்குக் காய் கிடைப்பதற்காக. நன்னூலின் மாணாக்கர் பட்டியலிலும் பசு உண்டு. ஆனால் அது மேய்ந்ததைப் பின்னர் அசைபோட்டுச் செரித்துக்கொள்ளும் பசு. அது தானாகவே இயங்குவது. பழமொழியின் மாடு இயக்கப்படுவது. இலக்கண ஆசிரியரும் உழவரும் ஒரே விலங்கை உவமையாக்கியும் கல்வியைப் பற்றி இருவேறு கருத்துகளை அடைந்துள்ளனர்.

அதே பேச்சுவழக்கில் தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பதும் உண்டு. அடிப்பதற்கு ஒரு வயதெல்லையை அது வகுக்கிறது. ஆகவே பழமொழி மரபும் ஒருமுகமானதன்று.

7. புனைகதை திருப்பிக் கேட்ட வினா

இதுவரை கண்டவை யாவும் வளர்ப்பவரின் கூற்றுகள். 20ஆம் நூற்றாண்டுப் புனைகதை, அடிபடுபவரின் பக்கம் நின்று இதனைக் கண்டது. தலைமுறை மாற்றத்தில் பெரிதும் குறிப்பிடத்தக்கது இந்நோக்குநிலை மாற்றமே.

சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' 1998இல் வெளிவந்த நாவல். கதை நிகழ்வது 1930களின் பிற்பகுதியில், கோட்டயத்தில். சிறுவன் பாலுவுக்குத் தந்தையிடம் உள்ள அச்சம் நாவல் முழுவதும் பரவிநிற்கிறது. அவன் தந்தை கொடியவரல்லர், படித்தவர், பொறுப்புள்ளவர். ஆயினும் அவர் இருப்பே சிறுவனைச் சுருங்கச் செய்கிறது. புறநானூற்றுச் சிறுவனின் அச்சம் ஓர் அடியில் முடிந்துவிட்டது. பாலுவின் அச்சத்திற்கு ஒரு நாவலே தேவைப்படுகிறது.

இரா. நடராசனின் 'ஆயிஷா' 1990களில் வெளிவந்த குறுநாவல். ஓர் ஆசிரியை தம் அறிவியல் நூலுக்கு எழுதும் முன்னுரையாக அமைந்தது. ஐயங்களைக் கேட்டதற்காகவே மீண்டும் மீண்டும் அடிபடும் மாணவி, அடியின் வலி தெரியாதிருக்க உடலை மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தன்மீதே சோதித்து இறக்கிறாள். அடிபடாமல் இருக்க அவள் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. அடியைத் தாங்கிக்கொண்டு கேள்வி கேட்க வழி தேடினாள். அடியாத மாடு படியாது என்ற கூற்றுக்கு இதைவிடக் கடுமையான மறுப்பைப் புனைகதையில் காண்பது அரிது. இங்கே படிப்பவளே அடிபடுகிறாள்.

எனினும் இப்பொருளில் மிகவும் ஆழமாகச் சென்றது தி. ஜானகிராமனின் 'முள்முடி' என்ற சிறுகதை என்பது கட்டுரையாளர் கருத்து. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அனுபவம் ஜானகிராமனுக்கு உண்டு. கதையில் ஓய்வுபெறும் ஆசிரியர் அனுகூலசாமி, தம் பணிக்காலம் முழுவதும் ஒரு மாணவனையும் அடித்ததில்லை. அதற்காகவே ஊரார் அவரைப் போற்றுகின்றனர். அந்நாளில் ஒரு தாய் தன் மகனை அழைத்து வருகிறாள். முன்பு திருட்டுக் குற்றத்திற்கு ஆளான அவனோடு யாரும் பேசக்கூடாது என்று ஆசிரியர் கூறியிருந்தார். அவர் அதனை மறந்துபோனார், மாணவர்கள் மறக்கவில்லை. நெடுநாள் பேச்சற்று ஒதுக்கப்பட்ட அச்சிறுவன், பிரிவுபசாரத்தில் தன் பங்கும் ஏற்கப்பட வேண்டும் என்று கேட்டு நிற்கிறான்.

பிரம்பைத் துறந்தவர் தண்டனையைத் துறக்கவில்லை என்பதைக் கதை எவ்வித முழக்கமுமின்றிக் காட்டுகிறது. பிரம்படியின் வலி அன்றே தணிந்திருக்கும். விலக்கோ, ஆசிரியர் மறந்த பின்னும் தானே தொடர்ந்து நடந்தது. அதனை நிறைவேற்றியவர்களும் குழந்தைகளே. அடிக்காதவர் நல்லவர் என்ற எளிய அளவுகோலை இக்கதை ஐயத்திற்கு உள்ளாக்குகிறது.

8. சட்டமும் வீடும்

குழந்தை உரிமைகளுக்கான 1989ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. தில்லிப் பள்ளி விதிகளில் இருந்த உடல் தண்டனைக்கான இடத்தைத் தில்லி உயர்நீதிமன்றம் 2000இல் நீக்கியது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடைசெய்கிறது. 'முள்முடி' காட்டிய துன்பத்திற்குச் சட்டத்தின் மொழியில் இடம் கிடைக்க இத்துணைக் காலமாயிற்று.

ஆனால் இத்தடை பள்ளிக்கு உரியது. பன்னிரண்டு வயதிற்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நன்னம்பிக்கையுடன் காப்பாளர் செய்யும் செயலுக்குப் பாதுகாப்பளித்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 27ஆம் பிரிவாகத் தொடர்கிறது. நடைமுறையும் சட்டத்திற்குப் பின்னேதான் வருகிறது. நடுவண் அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 விழுக்காட்டினர் பள்ளியில் உடல் தண்டனைக்கு ஆளானதாகக் கூறினர்.

பிரம்பை வாங்கிக்கொண்டு மாற்று எதனையும் தரவில்லை என்று ஆசிரியர் கூறும் குறை புறந்தள்ளத்தக்கதன்று. நன்னூல் ஆசிரியருக்கு விலக்கும் உரிமை இருந்தது. திண்ணை ஆசிரியருக்குப் பிரம்பு இருந்தது. இன்றைய ஆசிரியருக்கு இரண்டும் இல்லை. எல்லாரையும் ஏற்று, ஒருவரையும் வருத்தாது கற்பிக்கும் கடமை மட்டும் உள்ளது. தமிழ்க் கல்வி வரலாற்றில் முன்னெந்த ஆசிரியரிடமும் இது எதிர்பார்க்கப்படவில்லை. இக்கடமைக்கு ஏற்ற வகுப்பளவும் பயிற்சியும் துணையும் கோருவது நியாயம். ஆனால் மரபின் பெயரால் பிரம்பைத் திரும்பக் கோருவதற்கு இலக்கியத்தில் சான்றில்லை.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: பழைமை கொடியது, புதுமை இனியது என்றோ, பழைமை ஒழுங்குடையது, புதுமை சீர்கெட்டது என்றோ நேர்கோட்டில் இவ்வரலாற்றைக் கூற இயலாது. இங்கு ஆராய்ந்த பழைய நூல்களில் குழந்தையின் முன் ஓங்கிய கோல் உண்டு. அடித்தலை நெறியாக்கும் கூற்று இல்லை. அடி ஒரு முறையாக நிலைபெற்றது பள்ளியில். கொள்கையாகப் பேசப்பட்டது பழமொழியில். புனைகதை அதனைக் குழந்தையின் பக்கம் நின்று கேள்விக்குள்ளாக்கியது. அத்துடன், அடி நின்றாலும் தண்டனை வேறு வடிவில் தொடரலாம் என்பதையும் உணர்த்தியது.

ஒழுக்கத்தை அடி தருகிறது என்று ஒரு தலைமுறை உறுதியாகக் கூறிற்று. அடி தருவதில்லை என்று அடுத்த தலைமுறை அதே உறுதியோடு கூறுகிறது. இவற்றுள் இரண்டாவதே ஏற்கத்தக்கது. ஆயினும் அதுவும் பாதி விடையே. எது தருகிறது என்பதை வளர்ப்போரும் கற்பிப்போரும் ஒவ்வொரு குழந்தையிடத்தும் புதிதாகக் கண்டறிய வேண்டியுள்ளது. போதனாரின் செவிலி, தான் கையில் கோல் ஏந்தியிருந்தும், அப்பெருமையைத் தன் கோலுக்குச் சேர்த்துக்கொள்ளாமல் வியந்து நின்றாள். குழந்தைகளைப் பற்றிப் பேசும் எவரும் அவளிடமிருந்து தொடங்குவது நலம்.